மேடையில் கொடுத்த 80 பிரதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாமா என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே கூடாது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மூன்று வருடத்துக்கு முன் என் சிறுகதைகளைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டேன். 300 பிரதி. அட்டை, அச்சு, பார்சல் எல்லாம் சேர்த்து ஒரு பிரதி 95 ரூபாய் அடக்கம். விலை 160 என்று வைத்தேன். புதுச்சேரியில் ஒரு சின்ன அரங்கில் வெளியீட்டு விழா. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு பஸ் ஏறினேன். மேடையில் இருந்தவர்களுக்கு, வாழ்த்திப் பேசியவர்களுக்கு, முன்வரிசைக்காரர்களுக்கு, அப்புறம் "எனக்கு இல்லையா டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில் 80 பிரதி போய்விட்டது. அன்றைக்கு விற்றது 14.

அந்த 80 பேரில் படித்துவிட்டு என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். பணம் போனது பெரிதில்லை. வாங்கிப்போனவர்களில் சிலர் என்னைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தார்கள், அதுதான் வலித்தது. இருபது வருடம் என்னோடு வேலை பார்த்த தோழி, உழவர் சந்தையில் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். படிக்கவில்லை, கேட்டால் என்ன சொல்வது என்ற சங்கடம். காசு கொடுத்து வாங்கியிருந்தால், "எனக்குப் பிடிக்கலைப்பா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பார். கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதாமல் வருகிறோமா? வெளியீட்டு விழாவுக்குப் போகிறவர்கள் ஒரு பிரதியாவது விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது இப்போது என் உறுதியான எண்ணம். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, இலவசமே கூடாதா? அதே சமயத்தில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்திருந்தேன். நூலகர் நன்கொடை என்று பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி, தேதித்தாள் ஒட்டி அலமாரியில் வைத்தார். ஒன்றரை வருடம் கழித்துப் போய் எடுத்துப் பார்த்தேன். ஒரு பிரதியின் தேதித்தாளில் மட்டும் 23 தேதிகள், அத்தனை முறை இரவல் போயிருக்கிறது. முதுகுப் பக்கம் பிரிந்து செலோ டேப் ஒட்டியிருந்தது. நான்காவது கதையில் நான் கவனிக்காமல் விட்ட ஓர் ஒற்றுப்பிழையை யாரோ பென்சிலால் திருத்தியிருந்தார்கள். அவ்வளவு ஊன்றிப் படித்த அந்த வாசகர் யாரென்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் எனக்கு ஆசை.

விழா நடந்த அரங்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-லிருந்து இருக்கிறது. அன்றைக்கு 80 பிரதியை வாரிக் கொடுத்தேனே தவிர, அங்கே ஒன்று கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சட்டமேகூட இலவசப் பிரதியை நூலகத்துக்குத்தான் கேட்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாகப் புத்தகம் போடுகிற என்னைப் போன்ற பலருக்கு இது தெரிவதே இல்லை.

பாரதியைப் பாருங்கள். புதுச்சேரியில் பத்து வருடம் இருந்து எழுதினார். பிறகு 1920-இல் தம் எழுத்தை 40 புத்தகமாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். அத்தனை வறுமையிலும் அவர் சும்மா கொடுக்க நினைக்கவில்லை. தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி வீட்டுக்கு வீடு காசு கொடுத்து வாங்கும் பொருளாகத் தம் புத்தகம் ஆகும் என்று நம்பினார்.

வாட்ஸ்அப்பில் "பி.டி.எஃப். இருந்தா அனுப்புங்களேன்" என்று கேட்கிறவர்களுக்கு நான் அனுப்புவதில்லை. ஒருமுறை கைவிட்டுப் போனால் அது ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில், வேறெங்கும் மின்னூலாக விற்காமல் அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தால், 90 நாளில் 5 நாள் இலவசமாகத் தரலாம். அது பரவாயில்லை, கெடு இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்கிறீர்கள். மதிப்புரை வராத புத்தகங்களுக்கு 'வரப்பெற்றோம்' பகுதியில் பெயரும் விலையும் போடுகிறீர்கள். இடநெருக்கடி எனக்குப் புரிகிறது. அந்தப் பகுதிக்குக் கீழேயே, இதழுக்கு ஒன்றாக, புத்தகம் வேண்டுமென்று கேட்கும் ஊர்ப்புற நூலகம் அல்லது பள்ளி நூலகத்தின் முகவரியையும் வெளியிட முடியுமா? இரண்டு பிரதி அனுப்புகிற எழுத்தாளர் மூன்றாவதை அங்கே அனுப்பட்டும். என்னிடம் இன்னும் 60 பிரதி இருக்கிறது. முதல் முகவரி வருகிற வாரமே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.