27-வது வாரம் குழந்தையை எங்கே விடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளுக்கு ஐந்து வயது. "அடுத்தது எப்போ?" என்று கேட்காத உறவினர் இல்லை. மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்யும் பேச்சு எழுந்ததிலிருந்து மேடைகளிலும் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். எனக்கும் இன்னொன்று வேண்டும் என்ற ஆசை உண்டு. பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மொத்தம் 38 பேர். 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டத்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. அது பெரிய உதவி. ஆனால் 27-வது வாரம்? 50 பேராவது வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்கிறது சட்டம். எங்கள் தெரு பால்வாடியிலோ இரண்டு வயதானால்தான் சேர்ப்பார்கள். நாலு மணிக்குள் பூட்டியும் விடுவார்கள்.

செஞ்சியிலிருந்து அம்மா வந்து ஒரு வருடம் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கிளம்பிவிட்டார். அப்புறம் வில்லிவாக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டே கேர். மாதம் 7,000 ரூபாய், என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஓர் ஐப்பசி மழை நாளில் பட்டரவாக்கத்தில் ரயிலே வரவில்லை. ஆறரைக்குப் போக வேண்டியவள் ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் போயாயிற்று. கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது. ஆயாம்மாவை ஒட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் என் மகள். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். அழவில்லை. "நான் ரெடிம்மா" என்றாள். எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆயாம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரிதான் ஒன்றோடு போதும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

என் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆனது. "அக்கா, டே கேர்ல எந்த வயசுலேர்ந்து எடுத்துக்கறாங்க?" என்று இப்போதே விசாரிக்கிறாள். பதில் சரியாக அமையாவிட்டால் முதல் குழந்தையையே தள்ளிப்போடுவாள் என்று நினைக்கிறேன்.

பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாகக் காப்பகம் வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் இருக்கிறது. எஸ்டேட்டில் எங்களுடையதைப் போல் எத்தனையோ சின்னக் கம்பெனிகள். மாநகராட்சி பட்டரவாக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் கொடுக்கட்டும், ஆயாக்களின் சம்பளத்தைக் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளட்டும். ஆறு மாதக் குழந்தையையும் சேர்க்க வேண்டும். இரவு எட்டு மணி வரையாவது திறந்திருக்க வேண்டும், மழை நாளிலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.