பச்சையப்பன் உயிலும் நம்ம பேட்ச் பணமும்

டேய் மாப்ள,

போன் பண்ணா எடுக்க மாட்ட, மெசேஜ் போட்டா கட்டைவிரல் ஒண்ணு அனுப்புவ, அதான் மெயிலே அடிச்சிட்டேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலாம். சின்னவன் வேலைக்குப் போறான், அப்படித்தான் சொல்றான்.

விஷயம், பசங்க படிப்புக்குன்னு நம்ம பேட்ச் சேத்த ஸ்காலர்ஷிப் பணம்டா. எல்லாரும் போட்டாச்சு, அது இன்னும் நம்ம குண்டுப்பய அக்கவுண்ட்லயே தூங்குது. ட்ரஸ்ட் பத்திரம் எழுதலாம்னா "நமக்குள்ள எதுக்குடா எழுத்து"ன்றான், நீயும் கூட சேர்ந்து தலையாட்டுற.

போன வாரம் சென்னை பாரீஸ் கார்னர் பக்கம் லைட் வாங்கப் போனேன். என்எஸ்சி போஸ் ரோட்ல கடை போர்டு, ஒயரு, பிளாட்பாரம் துணிக்கடை எல்லாத்துக்கும் மேல அண்ணாந்து பாத்தா குண்டு குண்டா தூணு, பச்சையப்பன் ஹால். ஏதென்ஸ்ல இருக்கிற கிரேக்கக் கோயில் மாதிரி கட்டினதாம், 1850ல கவர்னர் பாட்டிஞ்சர் தொறந்து வெச்சாரு. எவ்ளோ வருஷமா அந்தப் பக்கம் போயிட்டு வரோம், என்னிக்காவது நிமிந்து பாத்திருப்போமா?

வீட்டுக்கு வந்து அந்தப் பச்சையப்பன் கதைய முழுசா படிச்சேன், தூக்கமே வரலடா. அப்பா முகமே தெரியாத பையன், துபாஷா, அதான் வெள்ளைக்காரனுக்கும் நம்மாளுக்கும் நடுவுல மொழிபெயர்த்து தரகு பாக்குற வேலை, அதப் பாத்து கொழிச்சு, 1794ல திருவையாத்துல செத்துப்போறாரு, வயசு 40தான். சாகறதுக்கு முன்னாடி உயில் வேற எழுதி வெச்சிட்டாரு, கோயிலுக்கு இவ்ளோ, அன்னதானத்துக்கு இவ்ளோன்னு. அப்படி எழுதியும் என்னாச்சு தெரியுமா? காசு தர்மத்துக்குப் போகல, கோர்ட்டுக்குப் போச்சு. அட்வகேட் ஜெனரலா, அதான் அரசாங்கத்தோட தலைமை வக்கீலா இருந்த ஜார்ஜ் நார்ட்டன் மாதிரி ஆளுங்க விடாம நின்னதால ஒருவழியா மீட்டாங்க, அதுக்குள்ள வட்டி ஏறி கோயிலுக்குப் போக மிச்சம் நிக்குது, அந்த மிச்சத்துலதான் ஸ்கூல்! 1842 ஜனவரி 1ந் தேதி, பிராட்வேல, ஏழைப் பசங்களுக்கு ஃப்ரீயா. ஆக அவர் செத்து 48 வருஷம் கழிச்சு. உயில்ல அவர் பெருசா எழுதினது கோயிலும் தர்மமுந்தான், ஆனா இன்னிக்கு அவர் பேரச் சொன்னா நமக்கு படிப்புதான ஞாபகம் வருது. கேஸ் நடந்து பொறந்த ஸ்கூலோட ஹாலுக்கு எதிர்லயே 1892ல ஹைகோர்ட் பில்டிங் வேற வந்து நின்னுச்சு, கொழுப்பப் பாத்தியா!

சிரிக்காத, இன்னொன்னு இருக்கு. பச்சையப்பன் காலேஜ்ல 1947 வரைக்கும் இந்துப் பசங்கள மட்டுந்தான் சேத்தாங்க. நம்ம பாய் அந்தக் காலத்துல பொறந்திருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருப்பாங்க, நம்மள கணக்குல பாஸ் பண்ண வெச்சதே அவன்தான். யாருக்குக் குடுக்கணும்னு மொதல்ல எழுதுறது அவ்ளோ நாளு நிக்குதுடா. அதனால நம்ம பத்திரத்துல சாதி, மதம் ஒண்ணும் வேணாம், அப்பா இல்லாத பசங்களுக்கு மொதல்ல, அப்புறம் மார்க்கு, இது மட்டும் போதும்னு எனக்குத் தோணுது. பொண்ணுங்களும் படிக்கிறாங்க, "மாணவன்"னு மட்டும் எழுதித் தொலைக்காதீங்க.

டிராஃப்ட் வக்கீல்கிட்ட குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம ஆதார், பான் ரெண்டையும் எடுத்துட்டு வந்து சேரு. குண்டுகிட்ட நீயே பேசு, கெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல இருந்தே அவன் உன் பேச்ச மட்டுந்தான் கேக்குறான்.