கித்துல்கல பயணத்தில் ஐந்தை ஏன் மூன்றாக்கினோம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள், பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் என்று கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் களனி கங்கைக் கரையில் இருக்கிற கித்துல்கல ஊருக்கு நாங்கள் நடத்துகிற ஒருநாள் பயணத்துக்கு இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: போன வருடம் ஒரே நாளில் ஐந்து விஷயம் செய்தீர்கள், இந்த முறை மூன்றுதான் இருக்கிறது, என்ன நடந்தது? தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். மடல் கொஞ்சம் நீளம்தான், ஆனால் வருவதற்கு முன் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

போன வருடம் வரைக்கும் நாள் இப்படித்தான் போனது. விடிய ஐந்து மணிக்கு கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எங்கள் வான் (வாகனம்) வெளிக்கிடும், அவிசாவளை, கரவனெல்லை, எட்டியாந்தோட்டை தாண்டி எட்டு மணியளவில் ஆற்றங்கரை. முதலில் களனி கங்கையில் ராஃப்டிங் (காற்றடித்த படகில் துடுப்புப் போட்டு வேகநீரில் இறங்குவது), நடுவில் பாறையில் இருந்து ஆற்றுக்குள் குதிப்பது, பிறகு மத்தியானச் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு மேலே ஏறி ஓடைச் சறுக்கல் (மலை ஓடையின் ஈரப் பாறைகளில் நடந்தும் சறுக்கியும் இறங்குவது), அருவியில் கயிற்றில் இறங்குவது, பொழுது இருந்தால் பெலிலேன குகை. திரும்பி வர இரவு ஒன்பது, பத்து ஆகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது, விளம்பரத்தில் போடவும் நன்றாக இருந்தது.

போன ஆவணியில் ஒருநாள் பின்னேரம் நாலரை மணி இருக்கும். ஓடையின் கடைசிச் சறுக்கலுக்கு முன்னால் பாசி பிடித்த ஒரு தட்டைப் பாறை, அதில் ஒரு தம்பிக்குக் கால் பிரண்டுவிட்டது. அவர் காலையில் ஆற்றில் ஒன்றரை மணித்தியாலம் துடுப்புப் போட்டவர், மூன்று தரம் பாறையில் ஏறிக் குதித்தவர். விழுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் "அண்ணா, தொடை நடுங்குது" என்று சொன்னார். "இன்னும் ஒன்றுதான் தம்பி, முடிஞ்சுது" என்று நாங்கள்தான் சொன்னோம். மழையும் தூறத் தொடங்கிவிட்டது. நான்கு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு அந்த வழுக்குப் பாதையில் வீதிக்கு வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, அந்த அளவில் கடவுள் காப்பாற்றினார். ஆனால் அவருடைய மிச்ச விடுமுறை முழுவதும் கட்டிலில் போனது. பிழை அவருடையது இல்லை, பாறையுடையதும் இல்லை. களைத்த காலோடு ஒருவரை ஓடைக்குள் கூட்டிக்கொண்டு போனது நாங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களோடும் ஆற்றில் வேலை செய்கிற கித்துல்கலப் பொடியன்களோடும் இருந்து பேசித்தான் அந்த நாளின் ஒழுங்கை மாற்றினோம். இப்போது காலையில் முதல் வேலை ஓடை, அப்புறம் சாப்பாடு, நல்ல ஓய்வு, அதற்குப் பிறகுதான் ஆறு. குதிப்பது ஆற்றுப் பயணத்துக்குள்ளேயே வரும், விரும்பினவர் மட்டும் குதிக்கலாம். அருவியில் கயிற்றில் இறங்குவதையும் குகையையும் எடுத்துவிட்டோம்.

ஏன் ஓடை முதலில் என்றால், ஓடையில்தான் காலுக்கு வேலை அதிகம். ஒவ்வொரு அடியும் ஈரப் பாறையில் வைப்பது, புதுக் கால் வேண்டும். ராஃப்டிங்கில் நீங்கள் இருந்தபடியே துடுப்புப் போடுகிறீர்கள், களைத்தால் துடுப்பை மடியில் வைக்கலாம், படகை வழிகாட்டி பார்த்துக்கொள்வார். இரண்டாவது காரணம் மழை. அந்தப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை விழுகிற இடங்களில் ஒன்று, அதிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை கொட்டுகிற மாதங்கள் இருக்கின்றன. ஆறு பெரியது, நீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஓடை அப்படி இல்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறிக்கும், மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியும் மிதந்து வந்து, சத்தமும் கனத்தால் ஒரு பேச்சும் இல்லாமல் கரைக்கு ஏற வேண்டும். படம் எடுக்க நின்றாலும், சறுக்க உங்கள் முறை அடுத்ததாக இருந்தாலும், ஏறச் சொன்னால் ஏறுங்கள்.

ஆற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் "காசு கட்டியாச்சு, பிறகு ஏன் இறக்கமாட்டீங்கள்?" என்ற மனவருத்தம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கத்து மலைகளில் இருந்து இரண்டு ஆறுகளாக இறங்கி வருகிறது. ஒன்றின் குறுக்கே காசல்ரீ நீர்த்தேக்கம், மற்றதின் குறுக்கே மவுசாக்கலை. அதற்குக் கீழே அணைகளும் மின் நிலையங்களும் வரிசையாக இருக்கின்றன. அதாவது கித்துல்கலயில் ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி மேலே சுழலி ஓடினால் வரும், நின்றால் குறையும். காலையில் முட்டளவுக்குக் கல் தெரிந்த இடம் மத்தியானம் நுரை அடிக்கும். இதோடு மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. லக்ஷபான அணையின் வான்கதவு (மிஞ்சிய நீரை வெளியே விடுகிற கதவு) திறக்கப்பட்டது, களனி கரையில் இருப்பவர்கள் கவனம் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். நீங்கள் விடுமுறைக்கு வருகிற ஆடி, ஆவணி சரியாக அந்தக் காலம்தான்.

சாதாரண நாளில் நாங்கள் இறங்குகிற 5 கிலோமீற்றர் அளவான தூரத்தில் தண்ணீர் நுரைத்து வேகமாகப் பாய்கிற இடங்கள் 2 ஆம், 3 ஆம் தரம். உலகம் முழுக்கப் பாவிக்கிற அளவுகோலில் 1 மிக இலகு, 6 உயிருக்கு ஆபத்து. வழிகாட்டி சொல்வதைக் கேட்டால் நீந்தத் தெரியாதவரும் 2, 3 இல் சந்தோசமாகப் போய்வரலாம், எத்தனையோ அம்மாமார் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆறு நீர் ஏறினால் வேறு ஆறு, கல்லெல்லாம் மூழ்கி, விழுந்தவரை எடுக்க நிற்கிற அமைதியான இடங்களும் இல்லாமல் போகும். அப்படியான நாளில் கரையில் நிற்கிற மூத்த வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் அதுதான் முடிவு. நாங்கள் கெஞ்சினாலும் அவர் மாற்றமாட்டார், நாங்கள் கெஞ்சவும் மாட்டோம். ஆற்றுக்கான பணம் முழுவதும் அன்றைக்கே உங்கள் கையில் திரும்பி வரும். வேறு நாளுக்கு மாற்ற விரும்பினால் அதுவும் சரி. நீங்களே பயந்து கரையில் நின்றுவிட்டாலும் இதே கணக்குத்தான், அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் போடும்போது ஒரு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். இறுக்கமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று எல்லோரும் சொல்வீர்கள். வழிகாட்டி உங்கள் பின்னால் வந்து இரண்டு தோள்பட்டைப் பட்டியையும் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார். அங்கி உங்கள் காது வரைக்கும் ஏறி வந்தால் அது தண்ணீருக்குள் உங்களைத் தாங்காது, தலைக்கு மேலால் கழன்றுவிடும், ஆகவே இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துக் கட்டுவார். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்கவேண்டும், தொப்பி மாதிரிப் பின்னால் தள்ளிப் போடக்கூடாது. துடுப்பின் மேல்நுனியில் குறுக்கே ஒரு பிடி இருக்கும், அதை உள்ளங்கையால் மூடியே பிடியுங்கள். படகு குலுங்கும்போது அந்தப் பிடி கைவிட்டுப் போனால் பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் அடிக்கும். எங்கள் படகுகளில் ஆற்றால் வந்த காயத்தைவிட இதனால் வந்த காயம்தான் அதிகம்.

தண்ணீருக்குள் விழுந்தால் செய்யவேண்டியது ஒன்று: மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் ஆறு ஓடுகிற பக்கம் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதப்பது. கல்லில் மோதினால் சப்பாத்து மோதட்டும், தலை மோதக்கூடாது. எழும்பி நிற்கப் பார்க்காதீர்கள். இடுப்பளவு தண்ணீர்தானே என்று காலை ஊன்றினால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கி, பின்னால் வருகிற தண்ணீர் உங்களை முகங்குப்புறத் தள்ளிவிடும். கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். வழிகாட்டிகள் சொல்லும் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும் (ஃபோர்வர்ட், பேக், ஸ்டொப், கெற் டவுன்), பெரியவர்களுக்காக அதை வருகிற வழியில் வானுக்குள்ளேயே தமிழில் சொல்லிப் பழக்கிவிடுவோம்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம், தாலிக்கொடி. போன வருடம் ஓர் அக்கா கழற்றமாட்டேன் என்று ஆற்றங்கரையில் நின்றார். அவருடைய மனம் எங்களுக்கு விளங்குகிறது, அதைப் பற்றி வாதாட நாங்கள் யார். ஆனால் அங்கிப் பட்டியிலோ கயிற்றிலோ சங்கிலி கொளுவினால் கழுத்தை அறுக்கும், அறுந்தால் ஆற்றோடு போகும். பிறகு அவரே ஒரு வழி செய்தார். கழற்றி, மஞ்சள் கயிறு ஒன்றை கைப்பையில் இருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு அங்கிக்குள் விட்டுவிட்டார், கொடியைக் கரையில் நின்ற மாமியாரிடம் கொடுத்தார். அதையே இப்போது எல்லோருக்கும் சொல்கிறோம். நகைகளை வீட்டிலோ ஹோட்டல் பெட்டகத்திலோ வைத்துவிட்டு வருவது இன்னும் நல்லது. மூக்குக் கண்ணாடிக்கு நாடா நாங்கள் தருவோம்.

பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல் இருந்தால்தான் ஆற்றுக்கு. ஒன்பதரை வயதுப் பிள்ளையைப் பத்து என்று சொல்லிக் கூட்டிவருகிறீர்கள், அங்கி அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாதபோது கரையில் வைத்து அழவைக்க வேண்டியிருக்கிறது, அது எங்களுக்கும் கஷ்டம். கர்ப்பிணிகள், இருதய வருத்தம் உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், முதுகு நோ உள்ளவர்கள் முதலே சொல்லிவிடுங்கள். மது அருந்தியவரை இறக்கமாட்டோம்.

சாப்பாடு பழையபடிதான்: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, சம்பல், அப்பளம். திருவிழா விரதகாரருக்குத் தனிச் சட்டியில் சைவம். பிறகு வெறும் தேத்தண்ணியும் கித்துல் கருப்பட்டியும். அந்த ஊருக்குப் பெயர் தந்ததே அந்த மரம்தான், வீதியோரத்தில் கித்துல் பாணி போத்தலில் விற்பார்கள், நேரம் இருந்தால் நிறுத்துவோம்.

அட்டை கடிக்கும். அதற்குப் பயந்து வராமல் விடவேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். உப்புத்தண்ணி கொண்டுவருவோம்.

ஆனால் காயத்தைப் பற்றிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இலங்கையில் எலிக்காய்ச்சல் இருக்கிறது, கித்துல்கல இருக்கிற சப்ரகமுவப் பக்கமும் இருக்கிறது. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் வெட்டுக்காயத்தில் பட்டால் தொற்றும். திறந்த காயம் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். அதைவிட முக்கியம், காய்ச்சல் உடனே வராது, பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமை கழித்துத்தான் வரும். அப்போது நீங்கள் ஸ்காபரோவிலோ ஹரோவிலோ இருப்பீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அங்குள்ள டொக்டருக்குச் சாதாரண ஃப்ளூ மாதிரித்தான் தெரியும். "இலங்கையில் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினேன்" என்ற ஒரு வசனத்தை நீங்களே வாயால் சொல்லவேண்டும். நேரத்தோடு பிடித்தால் மருந்து இருக்கிறது, பிந்தினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முன்கூட்டி மருந்து எடுக்கலாமா என்பதையும் வருவதற்கு முன் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

பெலிலேன குகையைக் கேட்கிறவர்களுக்கு: 12,000 வருடத்துக்கு மேல் பழைய மனித எலும்புகள் கிடைத்த இடம் அது. ஈர உடுப்போடு அரை மணித்தியாலம் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அந்த இடத்துக்கு மரியாதை இல்லை என்று எங்களுக்கு எப்போதுமே ஒரு குறை இருந்தது. அதைத் தனி நாளாக, நடைப்பயணமாக வைத்திருக்கிறோம், சின்னப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிமாரும் வரலாம்.

விலையைப் பற்றி: இரண்டு விஷயம் குறைந்த அளவுக்கு விலை குறையவில்லை, உண்மை. வானும் சாப்பாடும் அதே செலவு, அதோடு ஓடையில் முன்பு ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி, இப்போது நான்கு பேருக்கு ஒருவர். மிச்சம் அங்கேதான் போகிறது.

இரவு விமானத்துக்குப் போகிற நாளில் இந்தப் பயணத்தைக் கேட்காதீர்கள். அவிசாவளை நெரிசலில் ஒருமுறை அகப்பட்டால் கட்டுநாயக்க போய்ச்சேர முடியாது. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் கொழும்பே அங்கே நிற்கும், கிழமை நாளாகப் பாருங்கள்.

பயணத்துக்கு முதல்நாள் இரவு ஏழு மணிக்கு ஆறு எப்படி இருக்கிறது என்று கித்துல்கலயில் கேட்டு உங்களுக்குச் செய்தி அனுப்புவோம், விடிய நாலரைக்கு இன்னொரு செய்தி வரும். காலில் இறுக்கிக் கட்டக்கூடிய பழைய சப்பாத்து ஒன்று, மாற்று உடுப்பு, துவாய். இவ்வளவும் போதும்.

அன்புடன்,
வெள்ளவத்தையில் இருந்து உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்