எந்த உயர் நீதிமன்றம், மச்சான்?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் உனக்கும் பிடித்துவிட்டதா? சரி, இனி நாம் இருவரும் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓட்டப் போட்டி வைக்கப் போவதில்லை. இங்கே மட்டக்களப்பில் மழை விட்டுவிட்டது, வாவித் தண்ணி இன்னும் மண் நிறத்தில்தான் கிடக்குது. படுவான்கரை வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். ஏலாது.

பேத்தி சட்டம் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாதிரி வழக்குப் போட்டிக்கு அவளுக்குக் கொடுத்த கேள்வியைப் பார்த்துத்தான் சிரித்தேன்: இலங்கையில் இரண்டு பெண்கள் திருமணம் செய்யக் கேட்டால் உயர் நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொல்லும்? எந்த உயர் நீதிமன்றம், மச்சான்? நீங்கள் உயர் நீதிமன்றம் என்றால் சென்னையிலும் மதுரையிலும் இருப்பது. இங்கே அந்தப் படிக்கு மேல் நீதிமன்றம் என்று பெயர். எங்கள் உயர் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது, உங்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சமன். முதலில் அதை அவளுக்குச் சொல்லு, இல்லாவிட்டால் முதல் பக்கத்திலேயே புள்ளி போய்விடும். மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தாலும், அரசியலமைப்புக்கு விளக்கம் சொல்லும் வேலை கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

கொழும்பில் என்ன நடக்கும்? 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அதை வாசித்துவிட்டு அவள் துள்ளிக் குதிக்கக் கூடாது. நாலு உறுப்புரை தள்ளி 16 இருக்கிறது. முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்பது அதன் சாரம். எங்கள் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுடையது. தண்டனைச் சட்டக் கோவை 1883. இரண்டும் அந்தக் குடைக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. அதற்கு மேல், பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டால் அது செல்லாது என்று சொல்ல இங்கே எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. சட்டமூலமாக, உங்கள் பாஷையில் மசோதாவாக, இருக்கும்போது மட்டும்தான் பார்க்கலாம்.

அப்படி ஒரு தடவை பார்த்தார்கள். தண்டனைச் சட்டக் கோவையில் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளைத் திருத்த, பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த 2023இல் ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். எதிர்த்து மனுப் போட்டவர்கள் பண்பாடு, ஒழுக்கம் என்று வாதாடினார்கள். அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று. அதற்கு முன் 2016இல் ஒரு வழக்கு. வயது வந்த இருவர் சம்மதத்தோடு செய்வதை இந்தக் காலத்தில் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்கிற எண்ணம் தீர்ப்பிலேயே இருந்தது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறதே! சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள், குற்றவாளி என்கிற முடிவு அப்படியே நின்றது. ஒன்று கேள். 1995 வரை 365அ ஆண்களை மட்டும்தான் பிடித்தது. திருத்தம் என்று சொல்லிப் பெண்களையும் உள்ளே போட்டார்கள். நல்ல சமத்துவம்!

ஆகவே என் கணிப்பு இதுதான்: மனுவைக் கொண்டுபோனால் நீதியரசர்கள் அனுதாபமாகப் பத்துப் பக்கம் எழுதுவார்கள், கடைசிப் பக்கத்தில் பாராளுமன்றத்திடம் போ என்பார்கள். எங்கள் 16ஆம் உறுப்புரை போல ஒன்று இல்லாத உங்கள் உச்ச நீதிமன்றமே, ஒரே பாலினத் திருமண வழக்கில் 2023 ஒக்டோபர் 17 அன்று அதைத்தானே சொன்னது? திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து பேரும் ஒன்று. சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டா என்பதில் மட்டும் நீதிபதிகள் சந்திரசூட்டும் கௌலும் ஒரு பக்கம், மற்ற மூவர் மறுபக்கம்.

ஆனால் பேத்தியை மதுரைப் பக்கம் பார்க்கச் சொல்லு. 2019இல் தூத்துக்குடிச் சோடி ஒன்றின் வழக்கு. பெண் ஒரு திருநங்கை. பதிவாளர் எழுத மாட்டேன் என்றார். இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்றால் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இது ஒரே பாலினத் திருமணம் இல்லைதான். ஆனால் ஒரு சொல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் பார், அது எனக்குப் பிடித்தது. அதே நீதிபதியும் இன்னொருவரும் 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவளுடைய தோழியோடு போகவிட்டார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி இல்லை என்றும் எழுதினார்கள்.

நான் முப்பது வருஷம் பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றையும் எழுதியவன். எங்கள் கட்டளைச் சட்டத்தில் வயதைச் சொல்லும் வரியில் ‘இரு தரப்பினரும்’ 18 முடித்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆண், பெண் என்று அந்த வரி பிரிக்கவில்லை. அந்த ஓட்டைக்குள் ஒரு கெட்டிக்கார வக்கீல் விரலை விடலாம். வெல்வாரா? எனக்கு நம்பிக்கையில்லை. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் தனி, அது வேறு கதை.

இதையெல்லாம் இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு இதுவரை சொன்னதில்லை. நாவற்குடாப் பக்கம் இரண்டு பொம்பிளைகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் சட்டை தைப்பார், மற்றவர் தாய் வழியில் வந்த சீதன வீட்டுக்குச் சொந்தக்காரி. ஊரில் ‘அக்காமார் வீடு’ என்போம், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. வீட்டுக்காரி செத்துப்போனார். மூன்றாம் நாள் தைக்கிறவர் மரணப் பதிவுக்கு என்னிடம் வந்தார். கையில் ஊசி குத்திய தழும்புகள், விரலில் தையல் தொப்பி இன்னும் கிடந்தது, கழற்ற மறந்துவிட்டார். தகவல் தருபவர் என்ன முறையில் தருகிறார் என்று ஒரு நிரல் இருக்கும். “என்ன முறை, அக்கா?” என்றேன். கனநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கூட இருந்த நான்” என்றார்.

மரணத்தின்போது உடனிருந்தவர் என்று எழுதினேன். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டுக்கு இடமில்லை. உறுதிப் பத்திரம் எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆறு மாதத்தில் மருமகன்காரன் பூட்டை மாற்றினான். அவர் இப்போது ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறார். என் வீட்டுக்காரி சட்டை தைக்க அங்கேதான் கொடுக்கிறா.

அந்த மே மாதத் தீர்ப்பு தமிழில் கிடைக்குமென்றால் பேத்தியிடம் சொல்லி அச்செடுத்து அனுப்பு. எழுத்துப் பெரிசாக இருக்கட்டும், நான் வாசிப்பதற்கு மட்டுமில்லை.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

இப்படிக்கு,
உன் மச்சான்