பழைய உயில் படிக்க ஒரு பட்டியல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோபி, பவானி, தாராபுரம் பக்கம் தோட்டம் காடு உள்ள குடும்பங்களில் பழைய உயில்கள் இப்போது பேரன் பேத்திகள் கைக்கு வருகின்றன. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார்கள், அர்த்தம்தான் பிடிபடுவதில்லை. ௸ என்ற குறியை 'ஷை' என்று வாசித்து முழிக்கிறார்கள், அது மேற்படி. ௵ வருடம், ௴ மாதம், ௹ ரூபாய். பு.ஏ. என்றால் புஞ்சை ஏக்கர், ரீ.ச.நெ. ரீசர்வே நெம்பர். இவை சீக்கிரம் பழகிவிடும்.

பங்காளிச் சண்டை வருவது வேறு இடத்தில். மனைவி 'ஜீவிய பரியந்தம்' (உயிருள்ளவரை) அனுபவித்து, 'பின்னிட்டு' (அதற்குப் பிறகு) மகன்கள் 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' (முழு உரிமையோடு) அடைய வேண்டியது என்று எழுதியிருந்தால், அந்த அம்மாவுக்கு ஆயுள் வரை அனுபவம் மட்டும்தான், விற்க உரிமை இல்லை என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். பல உயில்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஜீவனாம்சத்துக்காக விட்ட சொத்து என்றால் அது அந்த அம்மாவுக்கே முழு உரிமையாகிவிட இடமுண்டு. ஜீவனாம்சம் என்ற சொல் உயிலில் எங்காவது இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பார்க்காமல் கிரயம் பேசவே கூடாது.

அப்புறம் புரொபேட். உயில் மெய்யானது என்று கோர்ட்டு தரும் சான்று அது. ஓ.பி. என்று நெம்பர் இருந்தால் அதற்குப் போட்ட மனு, யாராவது எதிர்த்து வழக்காக மாறியிருந்தால் சென்னை ஹைகோர்ட்டில் டி.ஓ.எஸ். என்று போடுவார்கள். நம் பக்கம் எழுதி, நம் பக்கத்து நிலத்தை மட்டும் சொல்லும் இந்து உயிலுக்கு அந்தக் காலத்தில் புரொபேட் கட்டாயமே இல்லை, சென்னை நகரத்தில் எழுதிய உயிலுக்கும் சென்னை நகரத்துச் சொத்துக்கும்தான் கட்டாயமாக இருந்தது. புரொபேட் இல்லையே, உயில் செல்லாது என்று சொந்தக்காரர் யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை.

வில்லங்கச் சான்றில் உயில் வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வில்லங்கம் பார்ப்பது சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவேடுகளில் 1ஆம் புத்தகத்தில், உயில் பதிவாவது 3ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று காட்டி நகல் கேட்கலாம்.

இந்தச் சொற்களையும் குறிகளையும் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒட்டிவைக்கப் பதிவுத்துறை முன்வர வேண்டும். பத்திரம் எழுதிப் பழுத்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதினால் போதும்.

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்