மசாயாவுக்குப் போகும் செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவிலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே, கைவினைப் பொருள் வாங்க மசாயாவுக்கு ஒரு பகல் போதும் என்று எழுதியிருந்தீர்கள். போதாது. வியாழக்கிழமை போய் அன்று இரவு அங்கேயே தங்குங்கள். பழைய சந்தையில் வியாழன் மாலைதான் மரிம்பா இசையும் நாட்டுப்புற நடனமும் நடக்கும். முடிந்தபின் பஸ்ஸை நம்ப முடியாது. போகும்போது மனாகுவாவின் உவெம்பெஸ் சந்தையிலிருந்து பஸ் உண்டு.

பழைய சந்தை, கருங்கல் சுவரும் கோபுரமுமாகக் கோட்டை மாதிரி இருக்கும். 1970களின் இறுதியில் நடந்த கிளர்ச்சியில் எரிந்துபோய் 1990களில் புதுப்பிக்கப்பட்ட கட்டடம். அங்கே சுற்றிப் பாருங்கள், விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாங்காதீர்கள். வாங்க வேண்டிய இடம் ஊரின் தெற்கே உள்ள மொனிம்போ. பழங்குடிக் குடியிருப்பு அது. வீட்டு முன்கூடமே பட்டறை. கதவு எண் தேடாதீர்கள். கோயிலிலிருந்தோ பூங்காவிலிருந்தோ எத்தனை தெரு என்றுதான் வழி சொல்வார்கள். அதில் 'அர்ரீபா' என்றால் கிழக்கு, 'அபாஹோ' என்றால் மேற்கு.

தூளிப் படுக்கைக்குத்தான் மசாயா பேர்போனது. கட்டித் தொங்கவிடச் சொல்லிக் குறுக்குவாக்கில் படுத்துப் பாருங்கள். பிறகு எழுந்து, இரு முனையிலும் வளையத்தில் சேரும் கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுண்டுங்கள். ஒன்றிரண்டு தொய்ந்திருந்தால் அவற்றின் பாரமும் மற்றவற்றின் மேல் விழும். அறுவது அங்கிருந்துதான் தொடங்கும். முனையில் மரக்கட்டை வைத்தது பார்க்க அழகு, அவ்வளவுதான். எளிதில் கவிழும், பெட்டியிலும் அடங்காது. கட்டை இல்லாததைச் சுருட்டினால் ஒரு தலையணை அளவு. பருத்தி நூல் என்பதால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும்.

அடுத்தது நாட்டுப்புற நடனத்தில் அணியும் கம்பிவலை முகமூடி. சல்லடைக் கம்பியை முகமாக வளைத்து, ரோஜா நிறக் கன்னமும் மீசையும் தீட்டியிருப்பார்கள். ஆடுபவருக்கு வலை வழியே வெளியே தெரியும். நமக்குத் தெரிவது தீட்டிய முகம் மட்டும். ஒருமுறை நசுங்கினால் நிமிர்த்தும்போது பெயின்ட் உதிரும். ஆகவே உள்ளே துணியைத் திணித்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள்.

பானைக்கு, அதற்கே பேர்போன பக்கத்து ஊரான சான் ஹுவான் தே ஓரியெந்தே போக வேண்டும். விரலால் சுண்டும்போது கணீரென்று ஒலிக்காவிட்டால் விரிசல் இருக்கலாம். குறைந்த சூட்டில் சுட்டவை. அலங்காரத்துக்கு மட்டும் வாங்குங்கள், தண்ணீர் ஊற்றினால் கசியும்.

தேதியை மாற்ற முடியுமானால் செப்டம்பர் 30ஐ ஒட்டிப் போங்கள். வாரக்கணக்கில் நீளும் சான் ஹெரோனிமோ திருவிழாவின் முக்கிய நாள் அது. அக்டோபர் கடைசி வெள்ளி இரவு, பேய் வேடமிட்டவர்கள் தெருவுக்கு வரும் அகுயிசோதெஸ். மழைக்காலம்தான், இருந்தாலும் போகலாம். 2018இல் அரசுக்கு எதிரான போராட்டத்தில் மொனிம்போ முன்னணியில் நின்ற இடம். அதன்பின் கூட்டங்களுக்குக் கெடுபிடி அதிகம். ஊர்வலம் உண்டா என்று முந்தைய நாளே விடுதியில் கேளுங்கள். அரசியல் பேச்சு வேண்டாம், போலீஸைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

டாலர் செல்லும், ஆனால் கிழிசலோ கிறுக்கலோ உள்ள நோட்டைத் தொடமாட்டார்கள். பட்டறைகளுக்கு உள்ளூர்ப் பணமான கோர்தோபாவில் சில்லறை வைத்திருங்கள். ஆமையோட்டுக் கம்மல், சீப்பு என்று யாராவது நீட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள், நாடு விட்டு நாடு கொண்டுவருவது குற்றம். உங்கள் ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
நண்பர்கள்