பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், பதிவேடுகளை விட்டுவையுங்கள்

லண்டனில் எங்கள் பழைய பள்ளியை எடுத்துப் புதுப் பெயரில் நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளி வாசலில் நின்ற பெரிய குப்பைத் தொட்டியில் என்னவெல்லாம் கிடந்தன என்று உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகம் போன பிள்ளைகளின் பெயர்களைப் பொன்னெழுத்தில் எழுதிய மரப்பலகைகள் மழையில் ஊறிக் கிடந்தன. அவற்றை விடவும் எங்களுக்குக் கவலை, படிக்கட்டுக்குக் கீழே அறையில் இருந்த பழைய சேர்க்கைப் பதிவேடுகள். அவை எங்கே என்று கேட்டோம். முந்தைய பள்ளியின் ஆவணங்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1960களின் கடைசியில் ஜமைக்காவில் இருந்து சிறுவனாக வந்து இதே பள்ளியில் படித்தவர். கரீபியன் நாடுகளில் இருந்து சட்டப்படி வந்தவர்களையே பிரிட்டன் அரசு சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்திய விண்ட்ரஷ் விவகாரம் 2018இல் வெளியே வருமுன், அவரைப் போன்றவர்களிடம் இந்த நாட்டில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அத்தாட்சி கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதற்குச் சாட்சியாக இருந்த அட்டைகளை உள்துறை அமைச்சே 2010இல் அழித்திருந்தது. அவர் கையில் இருந்தது பள்ளி முழுவதையும் நிற்கவைத்து எடுத்த அந்த நீளமான படம் ஒன்றுதான். எங்கள் சமையலறை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் கோப்பைகளை வைத்து, மூன்றாம் வரிசையில் தன்னைக் காட்டினார். படத்துக்குக் கீழே பெயர் இல்லை, அதனால் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்த நாளும் பதிவேட்டில் இருந்தன. அப்போதும் உங்கள் அலுவலகம் தேடிப்பார்க்கவில்லை. கடைசியில் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்குள் வேலை போய்விட்டது.

தயவு செய்து மிச்சமிருக்கும் பதிவேடுகளை நகராட்சி ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள்.

லண்டனில் ஒரு பள்ளியின் கதை பெரும்பாலும் அதில் வந்து சேர்ந்தவர்களின் கதைதான். ஹாக்னி டவுன்ஸ் பள்ளியைப் பாருங்கள். 1876இல் மளிகை வணிகர் சங்கம் தொடங்கியது. 1906இல் லண்டன் மாவட்ட சபையிடம் போனது. கிழக்கு லண்டன் யூதக் குடும்பங்களின் பையன்கள் அங்கே படித்து மேலே வந்தார்கள். தையல்காரர் ஒருவரின் மகனான ஹரால்ட் பின்டர் 2005இல் நோபல் பரிசு பெற்றார். பிறகு கரீபியன் பிள்ளைகளும் துருக்கிப் பிள்ளைகளும் வந்தார்கள். 1995இல் அரசு அனுப்பிய குழு ஒன்று, தோற்றுப்போன பள்ளி என்று சொல்ல, அரசு அதை மூடியது. அதே இடத்தில் 2004இல் மாஸ்பர்ன் அகாடமி எழும்பி நல்ல பெயரும் எடுத்தது; அகாடமி என்றால் நகராட்சியின் கீழ் இல்லாமல், அரசுப் பணத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளி. சரி, பிள்ளைகள் நன்றாகப் படித்தால் நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு பள்ளியைத் திருத்த வருகிறவர்கள், தாங்கள் வருமுன் அங்கே ஒன்றுமே நடக்காதது போல ஏன் பேச வேண்டும்? இன்று இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்தில் நாலுக்கு மேல் அகாடமிகள்தான். புதுப் பெயர், புதுச் சின்னம், புதுச் சீருடைக் கோட்டான பிளேஸர். ஒவ்வொரு முறையும் பிளேஸருக்குக் காசு தேடுவது நாங்கள். எங்கள் காலத்தில் எங்கள் பள்ளியும் மோசம் என்று அறிக்கை எழுதினார்கள். போர் நடந்த ஊரில் இருந்து ஓர் ஆங்கிலச் சொல்கூடத் தெரியாமல் வந்த எங்களை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் வகுப்பறையில் உட்காரவைத்து வாசிக்கப் பழக்கிய ஆசிரியை அந்த மோசமான பள்ளியில்தான் இருந்தார். அவர் பெயரும் இப்போது எந்தப் பலகையிலும் இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. படிக்கட்டு அறையை இனிமேல் யாரும் காலி செய்ய வேண்டாம். எவை அழிக்கப்பட்டன, எவை மிச்சம் என்று எழுத்தில் சொல்லுங்கள். பதிவேடுகளை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். செலவு ஒரு தடையென்றால் சொல்லுங்கள். பழைய மாணவர்கள் சனிக்கிழமை வந்து அடுக்கி, பெட்டியில் போட்டு, எங்கள் வான் வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அரைத் தவணை விடுமுறைக்கு முன்பு பதில் எதிர்பார்க்கிறோம்.

பணிவுடன்,
பழைய மாணவரும் இப்போதைய பெற்றோரும் ஆன ஒருவர்